பீலித் தண்ணீரும் ஒரு முத்திரையும்

பர்வீன் நல்ல பிள்ளை. நான் ஓய்வு பெற்றபோது என்னுடைய இடத்துக்கு வந்தவள். போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டு, பல்கலைக்கழகம் தன்னுடைய பத்தாண்டு வளர்ச்சியைப் பற்றி ஒரு மலர் போடுகிறது, நம் ஆய்வுகூடத்தைப் பற்றியும் அதில் வருகிறது, ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் அக்கா என்றாள். வாட்ஸ்அப்பில் அனுப்பியும் வைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினேன். புதிய கேட்போர்கூடத்துக்கு அரைப் பக்கம். நீச்சல் தடாகத்துக்குப் படம். உலகத் தரவரிசையில் ஏறியதற்கு ஒரு முழுப் பக்கம். இடையில் எங்களுக்கு ஒரே ஒரு வரி: நீர்ப் பரிசோதனை ஆய்வுகூடம் அங்கீகாரச் சான்று பெற்றது.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பெற்றதாம்! கடைத்தெருவில் கொத்தமல்லிக் கட்டு வாங்கியதுபோல எழுதியிருக்கிறார்கள். பர்வீனைத் திருப்பிக் கூப்பிட்டு, நானே எழுதித் தருகிறேன் என்றேன். இருநூறு சொல்லுக்குள் வேண்டுமாம். அது நடக்காது என்று அப்போதே சொல்லிவிட்டேன். வேண்டுமானால் அவர்கள் வெட்டிக்கொள்ளட்டும், நான் எழுதுவதை எழுதுகிறேன்.

நான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில் பிறந்தவள். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதிச் சித்தியடைந்து, கண்டி நகரத்துப் பாடசாலைக்கு வந்தேன். அந்தப் பரீட்சை மட்டும் இல்லையென்றால் என் அம்மாவின் கூடை என் முதுகுக்கு வந்திருக்கும், அதில் சந்தேகமே இல்லை. பிறகு தொழில்நுட்பக் கல்லூரி, பிறகு பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளர், பிறகு தொழில்நுட்ப உத்தியோகத்தர். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போத்தல் கழுவினேன், கழுவினேன், கழுவிக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பத்தாண்டு தொடங்கியபோது எங்கள் ஆய்வுகூடம் ஒற்றை அறை. மழை பெய்தால் இன்குபேட்டர் இருக்கும் மூலையில் வாளி வைப்போம். அதன் பிறகுதான் எல்லாம் மளமளவென்று வளர்ந்தது. புதிய கட்டடம் எழும்பியது, வெளிநாட்டு நிதி வந்தது, ஆராய்ச்சி மாணவர்கள் குவிந்தார்கள். ஒவ்வொரு பீடமும் ஏதாவது ஒன்றைச் சாதித்துக் காட்ட வேண்டும் என்று உபவேந்தர் சொல்லிவிட்டார். எங்கள் பங்குக்கு வந்தது அங்கீகாரச் சான்று. அது கிடைத்தால் எங்கள் அறிக்கையில் ஒரு முத்திரை விழும். முத்திரை விழுந்த அறிக்கையை எந்த அலுவலகமும், எந்தக் கம்பனியும், நீதிமன்றமும் தள்ள முடியாது. அதுவரைக்கும் மலைநாட்டுத் தண்ணீருக்கு முத்திரையோடு அறிக்கை வேண்டுமென்றால் கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டும். போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் பழசாகிவிடும், செலவும் தலைக்கு மேல் போய்விடும்.

எங்கள் தலைவர் பேராசிரியர் திலகவதி, எங்களுக்கு மேடம். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார், உட்கார மாட்டார். மத்தியானம் பாணும் சம்பலும்கூட ஜன்னலோரம் நின்றபடியே சாப்பிடுவார். தன் குவளைகளை எங்களைக் கழுவ விடமாட்டார், தானே கழுவுவார். ஒரு அறிக்கையிலும் அது தயாரான அன்றைக்கே கையெழுத்திட மாட்டார். மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, “சரோஜா, இந்தப் போத்தலின்ரை கதையைச் சொல்லும்” என்பார். யார் பிடித்தது, எங்கே வைத்துப் பிடித்தது, யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, பனிக்கட்டியில் வந்ததா வெயிலில் வந்ததா, எல்லாவற்றையும் நான் சொல்ல வேண்டும். எங்காவது தடுக்கினேனோ, பேனையை மூடிவிடுவார். ஆரம்பத்தில் எனக்கு அழுகை வரும். இந்த அம்மாவுக்கு வேறு வேலை இல்லையா என்று கழிவறைக்குள் போய்த் திட்டியிருக்கிறேன். பிறகு பிறகு, போத்தலைக் கையில் வாங்கும்போதே கதையையும் கேட்டு வாங்கப் பழகிவிட்டேன்.

மதிப்பீட்டாளர்கள் வரப்போகும் நாள் குறிக்கப்பட்டது. நாங்கள் தலைகீழாக நின்று ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். அந்த வேளையில்தான் பன்வில பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு போத்தல் வந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு டிவிசனில், தோட்டத்தின் ஒரு பிரிவில், பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றோட்டம். மலையிலிருந்து பீலியில் கொட்டும் தண்ணீர்தான் காரணம், மேலே இருக்கும் ஊற்றிலிருந்து புதுக் குழாய் போட்டுத் தாருங்கள் என்று லயத்துப் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். தண்ணீர் கெட்டது என்று எழுத்தில் காட்டினால் பார்க்கலாம் என்றாராம் தோட்டத்தை நடத்தும் துரை. தோட்டத்து நலன்புரி அலுவலர் எங்களிடம் போத்தல் வாங்கிப்போய் அந்தப் பெண்களிடம் கொடுத்திருந்தார்.

நிரப்பிய போத்தலைக் கொண்டுவந்தவர் லெச்சுமி. கொழுந்து பறிப்பவர், அந்தப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று பேசுபவர். இரண்டு பஸ் மாறி, போத்தலைத் துவாயில் சுற்றி, கைக்குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். என்னுடைய பேச்சைக் கேட்டதும் நீங்க நம்ம ஆளாங்க என்று முகம் மலர்ந்தார். அவருடைய மகள் தர்ஷினி படிப்பில் கெட்டிக்காரியாம், அடுத்த வருடம் ஸ்கொலர்ஷிப், நான் எழுதிய அதே புலமைப்பரிசில் பரீட்சை, எழுதப்போகிறாளாம். வயிற்றுக் கோளாறால் மாதத்தில் பாதி நாள் பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்று சொன்னார்.

தண்ணீரை வடித்தோம், தட்டில் வைத்தோம், இன்குபேட்டரில் வைத்தோம். கெட்ட தண்ணீர் என்றால் மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாகக் கிருமி முளைத்து நிற்கும். இந்தத் தட்டில் ஒரு புள்ளிகூட இல்லை. வெறுந்தட்டு. சட்டப்படி பார்த்தால், வாடிக்கையாளர் கொண்டுவந்த தண்ணீர், எங்கள் பரிசோதனையில் பிழை இல்லை, குடிக்க உகந்தது என்று எழுதி அனுப்ப வேண்டியதுதான். அறிக்கையையும் தயார் செய்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மேடம் கதை கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

“இது காய்ச்சின தண்ணி. விறகுப் புகை மணக்குது, பாரும்.”

மணந்தது. இலேசாக, ஆனால் சந்தேகமில்லாமல் மணந்தது.

“ஏன் காய்ச்சினவை எண்டு எனக்கு விளங்கேல்லை” என்றார். “விளங்காமல் கையெழுத்துப் போடமாட்டன். வாரும், போய்க் கேப்பம்.”

பீடத்து வாகனத்தில் போனோம். வத்தேகமை தாண்டி மேலே ஏற ஏற மழை. லயத்துக்குக் கீழே பீலி இருந்தது. மலையிலிருந்து ஒரு பழைய இரும்புக் குழாயில் வந்து கொட்டும் தண்ணீர். அதற்கு மேலே, தண்ணீர் வரும் பாதையிலேயே, இரண்டு கழிவறைக் குழிகளும் ஒரு மாட்டுக்கொட்டிலும் இருந்தன. 

லெச்சுமி ஓடிவந்து எங்களை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். மேடம்கூட அன்றைக்கு உட்கார்ந்தார். போத்தலை எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை, பெருமையாகத்தான் சொன்னார். போத்தலை முதலில் சாம்பல் போட்டு நன்றாகக் கழுவியிருக்கிறார். நாங்கள் கிருமி நீக்கி, மூடிக்கு மேல் ஈயத்தாள் சுற்றிக் கொடுத்த போத்தலை! பிறகு பீலித் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, புதுப் பானையில் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஊற்றியிருக்கிறார்.

 ஏங்க இப்புடிப் பண்ணுனீங்க, தண்ணி கெட்டதுன்னு காட்டத்தானே கேட்டோம் என்றேன்.

“அழுக்குத் தண்ணிய அப்புடியே எப்புடிங்கம்மா பெரியவுங்க கையில குடுக்கிறது?” என்றார் லெச்சுமி. “ஆஸ்பத்திரிக்குப் போறப்ப குளிச்சு, நல்ல துணி உடுத்திக்கிட்டுத்தானே போறோம். அதுக்காக டாக்டரு காய்ச்சல் இல்லேன்னா சொல்றாரு? உள்ளுக்குள்ள இருக்கிறத அவரு கண்டுபுடிக்கிறாருல்ல. நீங்களும் உள்ளுக்குள்ள இருக்கிறதத்தானே பாக்குறீங்க?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் பிறந்த லயத்திலும் இதைத்தான் செய்திருப்பார்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்தால், இருப்பதில் நல்லதைத்தான் முன்னால் வைப்போம். கிழிந்த பாயை மறைத்து, பக்கத்து வீட்டுக் கதிரையை இரவல் வாங்கிப் போடும் சனம் நாங்கள். அந்த மரியாதைதான் ஒரு டிவிசன் முழுவதற்கும் வரவேண்டிய குழாயை இல்லாமல் செய்யப் பார்த்தது.

மேடம் சிரிக்கவில்லை. லெச்சுமி சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, எங்கடை பிழை, நாங்களெல்லோ சொல்லித் தந்திருக்கவேணும் என்றார். பிறகு எழுந்து பீலிக்குப் போனார். எல்லாப் பெண்களையும் சுற்றி நிற்கச் சொல்லி, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். குழாயின் வாயைத் துணியால் துடைத்து, ஸ்பிரிட் தொட்டுப் பூசி, நெருப்பால் சுட்டார். தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார். மூடியைக் கழற்றி, கீழே வைக்காமல், உட்புறம் நிலத்தைப் பார்த்தபடி கையிலேயே பிடித்துக்கொண்டார். போத்தலை அலசாமல் நேரே நீட்டினார். கழுத்து வரைக்கும் நிரப்பாமல், மேலே காற்றுக்குக் கொஞ்சம் இடம் விட்டு மூடினார். போத்தலுக்குள் ஒரு மக்கிய இலைத் துணுக்கு மிதந்தது. லெச்சுமிக்குத் தாங்கவில்லை. அதையாவது எடுத்துப் போட்டுடுங்கம்மா என்று கெஞ்சினார். மேடம் எடுக்கவில்லை.

அந்தத் தண்ணீரின் தட்டைப் பார்த்தபோது எண்ணவே முடியவில்லை. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிக் கிடந்தன. மலத்தில் இருக்கும் கிருமி. அதைத்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டு கையிலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி அறிக்கையை அனுப்ப வேண்டியதுதான் என்று நான் நினைத்தேன். மேடம் வேறு யோசித்திருந்தார். மதிப்பீட்டாளர்கள் வருவதைத் தள்ளிப்போடச் சொல்லி எழுதப்போவதாகச் சொன்னார். எங்கள் விண்ணப்பத்தில் பரிசோதனை மட்டும்தான் இருந்தது, தண்ணீர் பிடிப்பது இல்லை. யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் சோதித்து முத்திரை குத்தலாம். அது வேண்டாம், பிடிப்பதையும் சேர்த்தே சான்று கேட்போம் என்றார். அதற்குப் புதிய செய்முறை எழுத வேண்டும், ஆட்களைப் பழக்க வேண்டும், எல்லாவற்றையும் நிறுவிக் காட்ட வேண்டும். குறைந்தது ஒரு வருடம் பிந்தும்.

எனக்கு வந்ததே கோபம்! அத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவரை எதிர்த்துப் பேசினேன்.

“மொதல்ல முத்திரைய வாங்கிக்குவோம் மேடம். பீலித் தண்ணிய ஒழுங்கா புடிச்சு, முத்திரையோட அறிக்கை குடுத்துடுவோம். மத்தத பொறகு சேத்துக்கலாம். அங்க புள்ளைங்க குடிச்சுக்கிட்டு இருக்குதுங்க.”

“லெச்சுமியின்ரை போத்தலுக்கு முத்திரை குத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் சரோஜா?” என்று கேட்டார். “தண்ணி நல்லது எண்டு நாங்களே எழுதிக் குடுத்திருப்பம். பிறகு அந்தச் சனம் எங்கை போய்ச் சொன்னாலும் எடுபடாது. அப்பிடி எத்தினை போத்தல் வரும்? எல்லாத்தையும் என்ரை மூக்கு பிடிக்குமோ?”

நான் வெளியே போய்விட்டேன். மேலிடத்திலும் நல்ல சத்தம். ஆண்டு விழாவில் அறிவிப்பதற்கு வைத்திருந்த சாதனை கையை விட்டுப் போகிறதே! மேடத்தைக் கூப்பிட்டு நீண்ட நேரம் பேசினார்கள். அவர் போனபடியே திரும்பி வந்து, மேலங்கியைப் போட்டுக்கொண்டு குவளை கழுவப் போய்விட்டார்.

பீலித் தண்ணீர் கெட்டது என்ற அறிக்கையை முத்திரை இல்லாமலே அனுப்பினோம். நான் பயந்தது நடந்தது. சான்று பெறாத ஆய்வுகூடத்தின் அறிக்கையைக் கம்பனி ஏற்காது என்று துரை திருப்பி அனுப்பிவிட்டார். சுகாதார அலுவலகத்தினர் வந்து தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார்கள். பெண்கள் கொதிக்கவைத்தார்கள்தான். ஆனால் விடிய முன்னம் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்கள் எத்தனை பானை கொதிக்கவைக்க முடியும்? விளையாடிவிட்டு வரும் பிள்ளை பீலியைத் தாண்டித்தானே லயத்துக்கு வர வேண்டும்?

அந்த வருடம் நாங்கள் வேலை செய்ததுபோல நான் என் ஆயுளில் செய்ததில்லை. கோபத்தை எல்லாம் வேலையில் காட்டினேன். தண்ணீர் பிடிக்கும் செய்முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் படம் போட்டு எழுதினோம். நடுவில் நாட்டில் டீசல் இல்லாமல் போனது. பீடத்து வாகனம் கொட்டகையில் நின்றது. நானும் மேடமும் குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போனோம். கண்டிச் சந்தையில் மீன் கடைக்காரரிடம் பனிக்கட்டி வாங்கி அடுக்குவோம். பெட்டியில் மீன் வாடை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன மீன், கிலோ எவ்வளவு என்று விசாரிப்பார்கள். தண்ணி என்று சொன்னால் எங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். மேடம் மட்டும் ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டு வருவார்.

நாவலப்பிட்டிப் பக்கம் போனோம், ஹந்தானைக்குப் போனோம், ஒவ்வொரு மாதமும் லெச்சுமியின் பீலிக்கும் போனோம். ஒவ்வொரு முறையும் தட்டு நிறையக் கிருமி. ஒவ்வொரு முறையும் லெச்சுமி, முத்திரை வந்துருச்சாங்கம்மா என்று கேட்பார். இன்னும் இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டும், மேடத்துக்கு எங்கள் மலைநாட்டுப் பேச்சு வராது என்பதுபோல. அப்படிச் சொல்லிவிட்டு வரும் நாட்களில் நான் மேடத்தோடு பேசமாட்டேன். அவரும் பேச்சுக் கொடுக்கமாட்டார். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மலையிறங்குவோம்.

ஒருமுறை போனபோது லெச்சுமி பீலிக்கு வரவில்லை. தர்ஷினிக்கு மஞ்சட்காமாலை, கண்டி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். அந்த லயத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் அதே நோய். ஸ்கொலர்ஷிப் பரீட்சை அந்த வாரம். திரும்பும் வழியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தோம். பிள்ளை மஞ்சளாக, வாடிப்போய்ப் படுத்திருந்தாள். எழுந்து உட்காரவே முடியவில்லை. பரீட்சை நாளில் அவள் அந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். அந்தப் பரீட்சையை இன்னொரு தடவை எழுத முடியாது, பிந்தி எழுதுகிறேன் என்றால் விடமாட்டார்கள். அது என்ன பரீட்சை என்று எனக்குத் தெரியும். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன்.

அதற்குப் பிந்தித்தான் மதிப்பீட்டாளர்கள் வந்தார்கள். ஆய்வுகூடத்தையும் பார்த்தார்கள், எங்களோடு மலையேறி வந்து, நாங்கள் தண்ணீர் பிடிப்பதையும் நின்று பார்த்தார்கள். போத்தலின் கதையைக் கேட்டார்கள். நான் தடுக்காமல் சொன்னேன். சான்று கிடைத்தது. உபவேந்தர் கேக் வெட்டினார், படம் எடுத்தார்கள். அந்தப் படம்கூட மலரில் இல்லை.

முத்திரை விழுந்த முதல் அறிக்கை லெச்சுமியின் பீலிக்கு. மேடம் அதைத் தபாலில் போடவில்லை. நாங்களே கொண்டுபோய்த் துரையின் மேசையில் வைத்தோம். முத்திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சரி என்றார். இவ்வளவுதானா! இந்த ஒரு சரிக்குத்தானா இத்தனை பாடு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் சொன்னபடி செய்தார். மழைக்காலம் முடியும் முன்னம் மேலே இருந்த ஊற்றிலிருந்து புதுக் குழாய் இறங்கியது. ஒரு தண்ணீர்த் தாங்கியும் கட்டினார்கள்.

புதுக் குழாயின் தண்ணீரைப் பிடிக்கப் போனோம். லயமே கூடிவிட்டது. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, எங்கள் இருவருக்கும் மாலை வேறு. லெச்சுமி சிரித்துக்கொண்டுதான் மாலையைப் போட்டார். தர்ஷினி கொஞ்சம் தள்ளி நின்றாள், உடம்பு தேறியிருந்தது. எல்லாரும் கலைந்த பிறகு நான் குழாயைச் சுட்டு, போத்தலை நிரப்பிக்கொண்டிருந்தேன். லெச்சுமி மேடத்தின் பக்கத்தில் வந்து நின்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

“இந்த முத்திரை போன வருசமே கெடைச்சிருந்தா எம்புள்ள பரீட்சை எழுதியிருக்குமில்லீங்களாம்மா?”

நான் போத்தலை மூடாமல் அப்படியே நின்றேன். மேடம் ஏதாவது விளக்கம் சொல்லுவார் என்று நினைத்தேன். சரியான விளக்கம் அவரிடம் இருந்தது, எனக்கே அதைச் சொல்லியிருக்கிறார்.

“ஓம் லெச்சுமி” என்றார் மேடம். “எழுதியிருப்பாள்.”

அவருடைய கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவர் செய்தது சரியா, நான் கேட்டது சரியா என்று இன்றைக்கும் என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.  லெச்சுமி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார்.

“அப்ப நிக்காதீங்க, வாங்க” என்றார். “கீழ் டிவிசன்லயும் இதே மாதிரி பீலிதான். அங்க ஆறு புள்ளைங்க இந்த வருசம் எழுதப் போவுதுங்க.”

பெட்டியில் இன்னும் ஒரு வெறும் போத்தல் இருந்தது. மேடம் ஒரு பக்கத்தைப் பிடித்தார், மறுபக்கத்தை நான் பிடிக்கும் முன்னம் லெச்சுமி பிடித்துவிட்டார். மூன்று பேரும் கீழே இறங்கினோம்.